மீனுக்கு ஆகாத தண்ணீர் நமக்கு ஆகுமா?



நம் குடியிருப்பில் இப்போது ஏழெட்டு வீடுகளில் மீன்தொட்டி இருக்கிறது. கோடையில் சம்ப் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, புதுத் தண்ணீர் நிரப்பிய மறுநாள் அவற்றில் மூன்று வீடுகளில் மீன்கள் செத்து மிதந்தன. பிள்ளைகள் அழுதார்கள். அன்று முதல் மாடிப்படியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு கேள்வி சுற்றிக்கொண்டிருக்கிறது. "மீனே சாகிற தண்ணீரை நாம் எப்படிக் குடிப்பது? இனிமேல் சம்ப்பில் பிளீச்சிங் போடக்கூடாது என்று ஒரு தீர்மானம் போட்டுவிடலாமே?"

கேள்வி நியாயமானது. கேட்டவர்களும் விவரம் தெரிந்தவர்கள். ஆனால் தீர்மானம் எழுதுவதற்கு முன்னால், இந்தப் பவுடர் நம் தண்ணீருக்குள் எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள், எதற்காக என்பதை ஒருமுறை பார்த்துவிடுவோம். நான் விஞ்ஞானம் படித்தவன் இல்லை, பி.காம். படித்து வங்கியில் பேரேடு பார்த்தவன். ஒரு பதிவை அடிப்பதற்கு முன்னால் அது எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காக எழுதப்பட்டது என்று பார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். அதைத்தான் இங்கேயும் செய்கிறேன்.

தெளிவு வேறு, சுத்தம் வேறு

நம் முன்னோருக்குத் தண்ணீரைப் பற்றி இருந்த முதல் கவலை கலங்கல். ஆற்றில் புதுத்தண்ணீர் வரும்போது அது செம்மண் நிறத்தில் வரும் என்பது டெல்டாக்காரர்களான உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்தார்கள். கலித்தொகையிலேயே இது உவமையாக வருகிறது என்றால், வழக்கம் எவ்வளவு பழையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொட்டையில் உள்ள பசை நீரில் மிதக்கும் நுண்ணிய மண்துகள்களைச் சேர்த்துக் கட்டியாக்கி அடியில் இறக்கிவிடும். இன்றைய குடிநீர் நிலையங்களில் படிகாரம் செய்யும் வேலையும் இதேதான்.

ஊர் அளவிலும் இதைச் செய்தார்கள். தஞ்சாவூரில் 16-ஆம் நூற்றாண்டில் ஆண்ட சேவப்ப நாயக்கர் பெயரில் சேவப்பநாயக்கன் ஏரி இருக்கிறது. மழைநீர் முதலில் அந்த ஏரியில் தேங்கும். வண்டல் அங்கே படிந்தபின் தெளிந்த நீர் பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைக் குளத்துக்குப் போகும். அங்கிருந்து நிலத்துக்கடியில் பதித்த சுடுமண் குழாய்கள் வழியாக நகரத்துக் குளங்களுக்கும் கிணறுகளுக்கும் போகும். நாயக்கர், மராட்டியர் காலங்களில் இயங்கிய இந்த ஏற்பாட்டை ஜலசூத்திரம் என்பார்கள். பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. மேடு பள்ளத்தை வைத்தே நடந்த குழாய்க் குடிநீர்த் திட்டம்.

அந்தக் காலத்தில் தண்ணீருக்கு இருந்த பரிசோதனைக்கூடம் மீன்தான். மீன் துள்ளுகிற குளம் நல்ல குளம். மீன் உயிரோடு இருக்கிற கிணறு நல்ல கிணறு. கிணற்றில் நாலு கெண்டையை விட்டுவைப்பது இங்கே பல வீடுகளில் வழக்கமாக இருந்தது. கிணற்றில் விஷம் கலந்தால் மீன் முதலில் காட்டிக்கொடுக்கும் என்ற நம்பிக்கை. இன்று "மீனே சாகிற தண்ணீர்" என்று நாம் பதறுவது அந்த நம்பிக்கையின் தொடர்ச்சி.

அந்தச் சோதனையில் பாதி உண்மை இருக்கிறது. விஷத்தை மீன் காட்டிக்கொடுக்கும். ஆனால் மனிதனைக் கொல்லும் நோய்க்கிருமியை மீன் காட்டிக்கொடுக்காது. காலராக் கிருமி உள்ள குளத்தில் மீன் சௌக்கியமாக இருக்கும். 1884-ல் ஜெர்மன் அறிஞர் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராவை ஆராய்ந்தபோது, மக்கள் குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய ஒரு குளத்து நீரிலேயே அந்தக் கிருமியைக் கண்டார். கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் தண்ணீரும், மீன் வாழும் தண்ணீரும் ஆளைக் கொல்லலாம் என்பது அப்போதுதான் உலகத்துக்கு உறைத்தது.

வாந்திபேதிக் காலம்

நம் வீடுகளில் எண்பதைத் தாண்டிய பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாந்திபேதி என்ற சொல்லை அவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். காலையில் வயலுக்குப் போனவர் மாலையில் இல்லை என்பது அந்த நோயின் வேகம். 1920-களில் மதராஸ் மாகாணத்தின் காலரா மரணக் கணக்குகளை ஆராய்ந்த சுகாதார அதிகாரிகள், அந்த நோய் வந்துபோகும் இடமாக இல்லாமல் நிலையாகக் குடியிருக்கும் இடங்களில் ஒன்றாகக் காவிரிப் படுகையைக் கண்டார்கள். அப்போது நன்னிலமும் தஞ்சாவூர் மாவட்டம்தான். 1991-ல் நாகப்பட்டினம் பிரிந்ததும், 1997-ல் திருவாரூர் தனி மாவட்டமானதும் பின்னால் நடந்தவை.

ஏன் இங்கே? ஊரெல்லாம் தண்ணீர், அதுவே காரணம். ஒரே வாய்க்கால் நாற்றங்காலுக்குப் பாயும், மாடு கழுவும் துறையாகும், பக்கத்துத் தெருவில் குடத்தில் ஏறும். தாழ்வான நிலம், கையெட்டும் ஆழத்தில் கிணற்று நீர். மழைக்காலத்தில் கழிவும் கிணறும் ஒன்றாகிவிடும்.

மேல்நாடுகளும் இதற்குத் தப்பவில்லை. 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதை ஒட்டியே இருந்த ஆல்டோனா நகருக்கும் அதே எல்பே ஆற்று நீர்தான்; அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்தபிறகு எடுத்த நீர். ஆனால் ஆல்டோனா நீரை மணலில் வடிகட்டிக் கொடுத்தது. ஹாம்பர்க் அப்படியே கொடுத்தது. ஆல்டோனாவில் பாதிப்பு மிகக் குறைவு. சென்னைக்கு மணல் வடிகட்டிகளோடு கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-ல் வந்தது. அதற்கு முன்னால் 1872 முதல் செங்குன்றம் ஏரி நீர் வடிகட்டாமலேயே நகருக்கு வந்துகொண்டிருந்தது.

சென்னைக்கு வடிகட்டி வரலாம். நன்னிலம் வட்டத்தின் ஆயிரக்கணக்கான கிணறுகளுக்கு? ஹாங்கின் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1890-களில் வட இந்தியாவில் ஒரு வழி சொன்னார்: கிணற்றில் பொட்டாசியம் பர்மாங்கனேட் போடுவது. நீர் ரோஜா நிறமாகும். காலரா வந்தால் கிணற்றைச் சிவக்க வைப்பது அதன்பின் நாடெங்கும் வழக்கமாயிற்று. அதைவிட மலிவும் வேகமுமான ஒன்று அடுத்து வந்தது. அதுதான் நம் சண்டைக்குக் காரணமான பிளீச்சிங் பவுடர்.

சலவைக்காரர் சரக்கு

பெயரிலேயே இருக்கிறது; இது துணி வெளுக்கும் தூள். முன்பெல்லாம் ஐரோப்பாவில் நெய்த துணியை வெளுக்க மாதக்கணக்கில் புல்வெளியில் வெயிலில் விரித்துப் போடுவார்கள். 1774-ல் ஸ்வீடன் நாட்டு ஷீலே குளோரின் வாயுவைக் கண்டார். அது நிறத்தை நீக்கும் என்று தெரிந்தபின், 1799-ல் கிளாஸ்கோ அருகே சார்லஸ் டென்னன்ட் அந்த வாயுவைச் சுண்ணாம்பில் ஏற்றித் தூளாக்கிக் காப்புரிமை பெற்றார். மாதக்கணக்கான வெளுப்பு சில நாட்களில் முடிந்தது. ஜவுளி ஆலைகள் அதை மூட்டை மூட்டையாக வாங்கின.

துணி வெளுத்த தூள் தண்ணீருக்கு வந்த கதையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. இந்திய மருத்துவப் பணியில் இருந்த வின்சென்ட் நெஸ்ஃபீல்டு என்ற படை மருத்துவர் 1903-ல் ஒரு கட்டுரை எழுதினார். குளோரினைத் திரவமாக்கி, உள்ளே ஈயம் பூசிய இரும்புக் கலத்தில் அடைத்து, நுண்ணிய துளை வழியாகத் தண்ணீரில் விட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நீர் பாதுகாப்பாகிவிடும் என்பது அவர் யோசனை. 1905-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைஃபாய்டு பரவியபோது, அலெக்சாண்டர் ஹூஸ்டன் நகரக் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்க ஏற்பாடு செய்தார். 1908 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜெர்சி நகரக் குடிநீருக்கு டாக்டர் ஜான் லீல் பிளீச்சிங் கரைசலைக் கலக்கத் தொடங்கினார்.

அங்கேயும் நம் வாட்ஸ்அப் குழு போலத்தான் எதிர்ப்பு. குடிக்கிற தண்ணீரில் ரசாயனமா என்று வழக்கு மன்றம் வரை போயிற்று. லீல் கூண்டில் ஏறி, இந்தத் தண்ணீரைத் தாமே குடிக்கத் தயார் என்று சாட்சி சொன்னார். இந்த முறை பாதுகாப்பானது என்று நீதிமன்றத்தில் ஏற்கப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் அமெரிக்க நகரங்கள் பலவும் அதைப் பின்பற்றின. டைஃபாய்டு மரணங்கள் சரிந்தன.

எவ்வளவு போடுவது என்ற கணக்கும் வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் படை மருத்துவர் ஹாராக்ஸ் ஒரு சிறு பெட்டி தயாரித்தார். ஒரு கறுப்புக் கிண்ணம், ஆறு வெள்ளைக் கிண்ணங்கள், கொஞ்சம் ஸ்டார்ச் கலந்த மருந்து. கறுப்புக் கிண்ணத்தில் கரைத்த பவுடரை வெள்ளைக் கிண்ணங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று துளி கூட்டி விட்டு, அரைமணி கழித்து மருந்தை ஊற்றினால் எந்தக் கிண்ணத்தில் முதலில் நீலம் தெரிகிறதோ அதுதான் அளவு. நம் நாட்டுச் சுகாதார ஆய்வாளர்களுக்கு ஹாராக்ஸ் பெட்டியை இன்றும் பாடமாக வைத்திருக்கிறார்கள். ஓரளவு சுத்தமான நீருக்கு அவர்கள் சொல்லும் பொதுக்கணக்கு, ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். கலந்து ஒரு மணி நேரம் விட்டபின்தான் பயன்படுத்த வேண்டும்.

வேலை முடிந்த பிறகும் கொஞ்சம் குளோரின் நீரில் மிஞ்சி நிற்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின் குடிநீர் விதி, ஐ.எஸ். 10500, அந்த மிச்சம் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் என்கிறது. மிச்சம் எதற்கு? குழாயில் தண்ணீர் நாள் முழுக்க ஓடுவதில்லை. நின்ற நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே வரும். சம்ப் மூடி சரியாக மூடாமல் இருக்கலாம். மேல்தொட்டியில் புறா எச்சம் விழலாம். அந்த ஆபத்துகளுக்கு வைத்த காப்புத்தொகைதான் மிஞ்சிய குளோரின்.

கிணற்றுக்குள் இரண்டு இலாகா

இதற்கிடையில் சுகாதாரத் துறைக்கு மீனும் வேண்டியிருந்தது. 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாவுக்குக் கொசு காரணம் என்று கண்டபின், கொசுப்புழுவைத் தின்னும் மீன்களைத் தேடினார்கள். தென் அமெரிக்காவின் கப்பி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், கம்பூசியா 1928-ல் இத்தாலி வழியாகவும் இந்தியாவுக்கு வந்தன. கிணறுகளிலும் தொட்டிகளிலும் அவை விடப்பட்டன. இன்று கடையில் ஜோடி கணக்கில் விற்கும் வண்ணக் கப்பி, ஒரு காலத்தில் அரசாங்கச் சம்பளமில்லாத கொசு ஊழியர்.

கிணற்றின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். காய்ச்சலுக்காக ஒருவர் வந்து மீன் விடுகிறார். காலராவுக்காக இன்னொருவர் வந்து பவுடர் போடுகிறார். பவுடர் போட்டால் மீன் சாகும். மீனைக் காப்பாற்றினால் கிருமி வாழும். ஒரே நீரில் இரண்டும் ஒத்துப்போகாது. நம் சம்ப்பில் நடந்ததும் இந்தப் பழைய தகராறுதான்.

கண்ணாடித் தொட்டி வந்த வழி

மீனைக் கண்ணாடியில் வளர்ப்பது பெரிய பழமை இல்லை. 1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், பொன்மீன், நீர்த்தாவரம், நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்து, நீரை மாற்றாமலேயே வாழவைக்கலாம் என்று காட்டினார். 1853-ல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன் இல்லம் திறந்தார்கள். 1854-ல் ஃபிலிப் கோஸ் எழுதிய நூல் அக்வேரியம் என்ற சொல்லைப் பரப்பியது. நம் மாநிலத்தில் 1909-ல் மெரினா கடற்கரையில் பொதுமக்களுக்காக ஒரு கடல்மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. மதராஸ் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் முயற்சி அது.

கவனியுங்கள். வாரிங்டன் காலத்தில் குழாயில் குளோரின் கிடையாது. மெரினாவில் வைத்ததோ கடல்நீர். கண்ணாடித் தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர் பகையானது லிங்கனுக்கும் ஜெர்சி நகருக்கும் பிறகுதான். கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பு பெருந்தொழிலாகி, மீன்தொட்டி நடுத்தர வீட்டு வரவேற்பறைக்கு வந்தபோது, குழாயில் குளோரின் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

நமக்கு ஆவது மீனுக்கு ஏன் ஆகவில்லை?

நாம் தண்ணீரைக் குடிக்கிறோம். மீன் தண்ணீரைச் சுவாசிக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான். நாம் குடித்த நீரில் உள்ள சிறிதளவு குளோரின், எச்சிலிலும் வயிற்றிலும் உள்ள பொருள்களோடு சேர்ந்து அங்கேயே செலவழிந்துவிடும். மீனுக்கோ செவுளின் மெல்லிய தோலுக்கு ஒருபுறம் ரத்தம், மறுபுறம் தண்ணீர். கிருமியின் உடலை எரிக்கும் அதே குளோரின் செவுளையும் எரித்துவிடும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் குறைவான அளவே நாள்பட மீனைக் கொல்லும். நமக்குக் குறைந்தது 0.2 இருக்க வேண்டும். நம் கீழ்வரம்பே மீனின் மேல்வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஆக, நம் வீட்டு மீன் செத்தது தண்ணீர் கெட்டதற்குச் சாட்சி அல்ல. குளோரின் இருந்ததற்குச் சாட்சி.

ஆனாலும் எவ்வளவு இருந்தது என்ற கேள்வி வேறு. பத்தாயிரம் லிட்டர் சம்ப்புக்கு அன்றாடக் கணக்குப்படி 25 கிராம் போதும். கழுவுகிற நாளில் கூடுதலாகப் போட்டு ஊறவிடுவது முறைதான். ஆனால் அந்த நீரை வடித்துவிட்டுத்தான் புதிதாக நிரப்ப வேண்டும். கைப்பிடியால் அள்ளிப் போடுவது கணக்கு ஆகாது.

படம் கழுவியவர் கொடுத்த மருந்து

மீனைக் காப்பாற்றும் மருந்துக்கும் ஒரு கதை உண்டு. கடையில் சின்னப் புட்டியில் விற்கும் குளோரின் நீக்கி பலவற்றிலும் உள்ள சரக்கு சோடியம் தயோசல்ஃபேட். பழைய பெயர் ஹைப்போ. இது வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று 1819-ல் கண்டவர் ஜான் ஹெர்ஷல். 1839-ல் புகைப்படக் கலை பிறந்தபோது, படத்தை அழியாமல் நிலைநிறுத்த ஹைப்போவே கைகொடுத்தது. கறுப்பு வெள்ளைக் காலத்தில் ஸ்டுடியோ இருட்டறையில் இருந்த ஹைப்போ வாடை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

இதே ஹைப்போவை ஜவுளி ஆலைகளும் காகித ஆலைகளும் வாங்கின. வெளுத்த துணியில் குளோரின் மிஞ்சினால் நூல் இற்றுவிடும். அதை முறிக்க ஹைப்போவில் அலசினார்கள். பவுடரும் சலவைச் சரக்கு, அதன் மாற்று மருந்தும் சலவைச் சரக்கு. வரவும் பற்றும் ஒரே கடையில்.

குளோரினோடு சேர்ந்ததும் ஹைப்போ அதைச் சாதாரண உப்பில் உள்ள குளோரைடாக மாற்றிவிடும். சில நிமிட வேலை. நடைமுறைக் கணக்கு, ஒரு பங்கு குளோரினுக்கு ஏழு பங்கு ஹைப்போ. 15 லிட்டர் வாளியில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் இருந்தால் மொத்தம் 7.5 மில்லிகிராம். அதற்கு வேண்டிய ஹைப்போ சுமார் 50 மில்லிகிராம். இரண்டு மூன்று அரிசிமணி அளவுள்ள படிகம். சிறிது கூடினால் பாதகமில்லை.

மீன்தொட்டிக்காரர்களுக்கு

பழங்கால வழியும் உண்டு. வாளியில் பிடித்துத் திறந்து வைத்தால் ஒன்றிரண்டு நாளில் குளோரின் தானே பறந்துவிடும். வெயில் பட்டாலோ ஏர் ஸ்டோன் போட்டாலோ இன்னும் சீக்கிரம். சேவப்பநாயக்கன் ஏரியில் நீரைத் தங்கவைத்த அதே பொறுமைதான். ஆனால் ஓர் எச்சரிக்கை. நீரில் அம்மோனியா இருந்தால் குளோரின் அதோடு கூடிக் குளோரமைன் ஆகும். அது வாளியில் வைத்தால் எளிதில் பறக்காது. நீடித்து நிற்கும் என்பதற்காகவே 1917 வாக்கில் கனடாவின் ஒட்டாவா, அமெரிக்காவின் டென்வர் முதலிய நகரங்கள் அதை வேண்டுமென்றே பயன்படுத்தத் தொடங்கின. ஹைப்போ அதை உடைக்கும். உடையும்போது அம்மோனியா மிஞ்சும்.

அம்மோனியாவை யார் கவனிப்பது? மீனின் கழிவிலிருந்தும் அது தினமும் வருகிறது. 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர், அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களைப் பிரித்துக் காட்டினார். அவை உங்கள் தொட்டியின் ஸ்பான்ஜிலும் கூழாங்கல்லிலும் குடியிருக்கின்றன. புதுத் தொட்டியில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வாங்கிய அன்றே இருபது மீனை விட்டால் ஒரு வாரத்தில் சாவதற்குக் காரணம் இதுவே. அந்த ஸ்பான்ஜைக் குழாயடியில் பிழிந்து கழுவினால் குளோரின் அந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுங்கள்.

நீரை முழுக்க மாற்றாதீர்கள். வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு போதும். புது நீர் தொட்டி நீரின் சூட்டோடு ஒத்திருக்க வேண்டும். ஆர்.ஓ. நீரைத் தனியாக ஊற்றவேண்டாம்; அதில் மீனுக்கு வேண்டிய தாதுஉப்பு மிகக் குறைவு. போர்வெல் நீரில் குளோரின் இல்லையே என்றும் அலட்சியம் வேண்டாம். நம் கீழ்த் தஞ்சைப் பகுதியில் பல இடங்களில் அது உவர்ப்பு. சில இடங்களில் இரும்புச்சத்து. வாளியில் பிடித்து ஒருநாள் காற்றாட வைத்தால் இரும்பு துருநிறமாக அடியில் படியும். உப்பு அப்படியே இருக்கும். உவர்ப்பு அதிகமென்றால் குழாய் நீரே மேல்.

ஹைப்போ மீன்தொட்டிக்கு மட்டுமே. வாடை பிடிக்கவில்லை என்று குடிநீர்ப் பானையிலோ சம்ப்பிலோ யாரும் போடக்கூடாது. போட்டால் காப்புத்தொகையை நாமே எடுத்துச் செலவு செய்தது ஆகும்.

என் கருத்து

வாந்திபேதியில் வீட்டுக்கு ஒருவரைப் பறிகொடுத்த மண் இது. அந்தப் பயம் நம் பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. தெரியாமல் போனதற்குத் தடுப்பூசி, மருத்துவம், கழிப்பறை என்று பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று குழாயில் வரும் அந்த மெல்லிய வாடை. மீனுக்குத் தீங்கு என்பதற்காக அதை நிறுத்தினால், மூன்று வீட்டு மீனுக்காக நாற்பது வீட்டுப் பிள்ளைகளின் காப்பை எடுத்த கணக்காகிவிடும். மீனுக்கு வாளியளவில் மாற்று இருக்கிறது. வாந்திபேதிக்கு அப்படி ஒரு மாற்று கிடையாது.

ஆகவே பிளீச்சிங்கை நிறுத்தும் தீர்மானம் வேண்டாம் என்பது என் பணிவான கருத்து. அதற்குப் பதிலாகச் செயற்குழுவுக்கு மூன்று வேண்டுகோள்கள்.

1. பவுடரைக் கைப்பிடியால் போடாமல் தராசில் நிறுத்துப் போட வேண்டும். டப்பாவைக் காற்றுப் புகாமல் மூடி வைக்க வேண்டும். திறந்து கிடந்த பவுடர் வீரியம் இழந்துவிடும்.

2. குளோரின் பார்க்கும் சோதனைக் குப்பி ஒன்று வாங்கி வைக்க வேண்டும். மருந்து இரண்டு துளி விட்டால் மஞ்சள் நிறம் வரும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரியும். வாரம் ஒருமுறை மேல்மாடிக் குழாயில் பார்த்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதினால் போதும். நோட்டு எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

3. சம்ப் கழுவும் தேதியை இரண்டு நாள் முன்னதாகக் கீழ்த்தளப் பலகையில் எழுத வேண்டும். மீன் வளர்ப்போர் அதற்கு முன்பே இரண்டு வாளி பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

அடுத்த கழுவும் நாள் ஆடி மாதக் கடைசி ஞாயிறு என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமையே வாளியை எடுத்து வைத்துவிடுங்கள்.